சொல்லாத நோயும் நாடி பார்த்த கையும்

அகத்திணைப் பாடல்களைப் பாடம் நடத்தும்பொழுது ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் தவறாமல் எழுப்பும் வினா ஒன்று உண்டு. தலைவி உடல் மெலிகிறாள், உணவை வெறுக்கிறாள், இரவெல்லாம் கண் துயிலாள், கைவளை நெகிழ்ந்து விழுகிறது. இத்தனையும் கண்ட தாய், மகள் ஒருவனை விரும்புகிறாள் என்பதை உணராமல், முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று எண்ணி வேலனை வரவழைக்கிறாள். கழங்கு உருட்டிக் காரணம் பார்க்கச் சொல்கிறாள். மறி அறுத்து வெறியாட்டு அயர்கிறாள். “பெற்ற தாய்க்கு இது கூடவா தெரியாது, ஐயா?” என்பதுதான் அவ்வினா. வகுப்பு சிரிக்கும். நாமும் சிரித்துவிட்டு அடுத்த துறைக்குச் சென்றுவிடுவது வழக்கம்.

ஆயினும் இது சிரித்துக் கடந்துவிடக்கூடிய வினா அன்று. சங்கப் புலவர்கள் தாயை அறிவற்றவளாகப் படைக்கவில்லை. அவள் உடலைப் பார்க்கிறாள். காரணமோ மகளின் வாய்க்குள் இருக்கிறது. அந்த வாய் திறக்காது. நாணம் தடுக்கிறது, ஊரார் அலர் அஞ்சவைக்கிறது. ஆகவேதான் இடையில் ஒரு தோழி தேவைப்படுகிறாள். அவள் செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கும் துறைக்கு ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயரிட்டனர். மறைந்திருந்த ஒன்றைத் தக்கவரிடம் தக்க நேரத்தில் சொல்லுதலை ‘அறம்’ என்ற சொல்லோடு இணைத்துப் பெயரிட்ட நுட்பம் எண்ணி எண்ணி மகிழத்தக்கது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இந்த ஒரு செயலுக்காகவே எழுந்தவை. வேலன் அழைத்தவுடன் வந்துவிட்ட முருகனையே, கடவுளாயினும் அறியாமையுடையவன் என்று தோழி எள்ளும் பாடலொன்று நற்றிணையில் உண்டு. நோயின் காரணத்தைத் தவறாகக் கண்டறிந்தால் தெய்வமும் பயன்படாது என்பது அவள் கட்சி.

தோழி உள்ள தலைவிக்கு இவ்வாறு வழி பிறந்துவிடுகிறது. தோழியே இல்லாதவர் நிலை என்ன? அதிலும், எவரிடமும் சொல்ல இயலாத, சொன்னால் கேட்போர் முகம் சுளிக்கும் அல்லது நகைக்கும் விருப்பம் ஒன்றைத் தனியே சுமந்திருப்பவர் நிலை என்ன? இவ்வினாவோடு தமிழுக்கு வெளியே சென்றால் நம்மை எதிர்கொள்வோர் புலவர் அல்லர், மருத்துவர். கிரேக்கத்தில் தொடங்கி அரபு, பாரசீக உலகம் வரை அவர்கள் விட்டுச் சென்ற குறிப்புகள் சில நம் வெறியாட்டுப் பாடல்களுக்கு வியக்கத்தக்க உரையாக அமைகின்றன.

முதற்கதை சிரியாவை ஆண்ட செலூக்கஸ் நிகேடாரின் அரண்மனையில் நிகழ்கிறது. சந்திரகுப்த மௌரியரோடு உடன்படிக்கை செய்துகொண்டு மெகஸ்தனிசைப் பாடலிபுத்திரத்திற்கு அனுப்பிய அதே மன்னர்தாம் இவர். முதிர்ந்த வயதில் ஸ்டிராட்டோனிஸ் என்னும் இளம்பெண்ணை மணந்தார். முதல் மனைவிக்குப் பிறந்த மகன் அந்தியோக்கஸ் தன் சிற்றன்னை மீது காதல் கொண்டுவிட்டான். அது தகாதது என்பதை அவனே அறிவான். எனவே வெளியே சொல்லாமல், ஏதோ நோய் வந்ததுபோல் படுத்து, உணவை மறுத்து உயிரை விட்டுவிடத் துணிந்தான் என்கிறார் புளூட்டார்க். அரண்மனை மருத்துவர் எரசிஸ்டிராட்டஸ் நோயாளியின் அறையிலேயே நாள்தோறும் அமர்ந்திருந்தார். எவர் எவரோ வந்து போயினர், இளவரசனிடம் மாற்றமில்லை. ஸ்டிராட்டோனிஸ் நுழைந்தால் மட்டும் நாக்குக் குழறிற்று, முகம் சிவந்தது, வியர்த்தது, நெஞ்சுத் துடிப்பு முறை பிறழ்ந்தது, பின்பு முகம் வெளிறிற்று. மருத்துவர் கண்டுகொண்டார்.

அதன்பின் மன்னர் தம் மனைவியையே மகனுக்கு மணம் செய்வித்தார் என்று கதை முடிகிறது. அம்முடிவு நமக்கு ஒவ்வாது. வரலாற்றாசிரியர்களும் கதையின் விவரங்களை அப்படியே ஏற்பதில்லை. நாம் கொள்ளவேண்டியது முடிவை அன்று, மருத்துவர் செய்ததை. அவர் நோயாளியை ஒரு வினாவும் கேட்டுத் துன்புறுத்தவில்லை. பக்கத்தில் பொறுமையாக இருந்தார், அவ்வளவே.

ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் ரோம் நகரில் மருத்துவம் செய்த கேலன் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். இது பிறர் சொன்ன கதையன்று. தம் நூலில் தாமே எழுதிய நிகழ்ச்சி. ஜஸ்டஸ் என்பவரின் மனைவி உறக்கமின்றிப் புரண்டுகொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை. கேட்ட கேள்விகளுக்கு விடை சொல்லாமல் முகத்தைத் திருப்பிப் போர்த்திக்கொண்டாள். ஒன்று மனச்சோர்வு, அல்லது சொல்ல விரும்பாத துயரம் என்று கேலன் எண்ணினார். ஒருநாள் அவர் அங்கிருந்தபோது நாடக அரங்கிலிருந்து வந்த ஒருவர், பைலடிஸ் ஆடக் கண்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அப்பெண்ணின் பார்வையும் முக நிறமும் மாறின. உடனே மணிக்கட்டில் கை வைத்தார். நாடி பலவாறு தடுமாறிற்று. மறுநாள் வேறொரு நடனக்காரர் பெயரைச் சொல்லுமாறு தம் உதவியாளர் ஒருவரை ஏவினார்; நாடி அசையவில்லை. மூன்றாம் நாள் மற்றொரு பெயர், அப்போதும் அமைதி. நான்காம் நாள் மீண்டும் பைலடிஸ் பெயர் ஒலித்தது. நாடி மீண்டும் தடுமாறிற்று.

இன்றைய ஆய்வுக்கூடத்தில் செய்யும் சோதனைக்கு உரிய ஒழுங்கு இதில் இருப்பதைக் காண்க. ஒரு பெயரால் எழுந்த மாற்றத்தை வேறு பெயர்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்னரே முடிவு கூறுகிறார். இன்னொன்றும் சொல்கிறார்: ‘காதல் நாடி’ என்று தனியே ஒரு நாடி இல்லை, கலங்கிய மனத்தின் நாடிதான் உண்டு. வாத, பித்த, கப நாடிகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, எல்லாவற்றையும் நாடியில் படித்துவிடலாம் என்னும் மயக்கம் எளிதில் வரும். கேலனிடம் அம்மயக்கம் இல்லை.

கேலனின் நூல்கள் பாக்தாதில் ஒன்பதாம் நூற்றாண்டில் அரபிக்குப் பெயர்க்கப்பட்டன. அவ்வழியே வந்த அறிவைத் தொகுத்து ஒழுங்குபடுத்தியவர் இப்னு சீனா (980–1037). அவருடைய ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் பெருநூலின் மூன்றாம் பகுதி தலை முதல் கால் வரையான உறுப்புகளின் நோய்களைக் கூறுவது. அதில் தலை நோய்களுள், மாலிகோலியா எனப்படும் மனச்சோர்வு நோயை அடுத்து, ‘இஷ்க்’ என்னும் காதலுக்கு ஒரு தனித் தலைப்பே தந்திருக்கிறார். இதயத்தின் கீழ் வைக்காமல் மூளையின் கீழ் வைத்தது கருதத்தக்கது. ஓர் உருவத்தின் அழகிலேயே எண்ணத்தை இடைவிடாது செலுத்தி மனிதன் தனக்குத்தானே வருவித்துக்கொள்ளும் நோய் இது என்பது அவர் கருத்து. குழிந்த கண்கள், அழும்பொழுதன்றி ஈரம் காணாத விழிகள், ஓயாமல் அசையும் இமைகள், இனிய காட்சி ஒன்றைக் கண்டாற்போன்ற புன்னகை, இடையிடையே பெருமூச்சு என அவர் அடுக்கும் அறிகுறிகளைச் சங்கப் பாடல்களின் மெய்ப்பாடுகளோடு வைத்துப் பார்த்தால் இரண்டு உலகங்களும் ஒரே நோயாளியைத்தான் பார்த்தனவோ என்று தோன்றும்.

நோயாளி பெயரைச் சொல்லமாட்டார் என்பதையும் இப்னு சீனா அறிவார். அதற்கும் வழி கூறுகிறார். மணிக்கட்டில் விரல் வைத்துக்கொண்டு பல பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். ஒரு பெயரில் நாடி மாறினால் குறித்துக்கொள்ளவேண்டும். அதன்பின் தெருக்கள், வீடுகள், தொழில்கள் ஆகியவற்றை அப்பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் ஆள் இன்னார் என்பது விளங்கிவிடும். இது கேள்வியறிவன்று, தாம் செய்து பார்த்துப் பயன் கண்ட முறை என்றும் எழுதுகிறார். மருந்தாக அவர் முதலிற் கூறுவது, மார்க்கமும் சட்டமும் இசையும் முறையில் இருவரையும் சேர்த்துவைத்தல். அதற்கு வழியில்லையெனில் நல்ல உறக்கம், உடலுக்கு ஈரம் தரும் உணவு, வேட்டை, வேறு அலுவல்கள், பெரியோர் அறிவுரை. முதிய பெண்களை அழைத்து, விரும்பப்பட்டவரின் குறைகளை ஓயாமல் எடுத்துச் சொல்லச் செய்வதும் அவர் பட்டியலில் உண்டு! இந்த மருந்தை நம் ஊர்ப் பாட்டிமார் எந்த நூலும் படிக்காமலே கொடுத்துவருகின்றனர். பயன் எவ்வளவு என்பதை நோயாளிகளே கூறவேண்டும்.

இம்முறை பின்னர் கதையாக வளர்ந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிஸாமி அரூஸி என்னும் பாரசீக ஆசிரியர் தம் ‘சஹார் மகாலா’ நூலில், குர்கான் நகரில் ஆட்சியாளர் காபூஸின் உறவினனான இளைஞன் ஒருவனின் இரகசியக் காதலை இப்னு சீனா நாடி பார்த்தே கண்டறிந்ததாக எழுதினார். ஊரின் தெருக்களை எல்லாம் அறிந்த ஒருவரை அழைத்துவந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லச் சொன்னாராம். சுவையான கதைதான். ஆனால் இப்னு சீனாவின் தன்வரலாற்றுக் குறிப்போ, தாம் காபூஸை நாடிச் சென்றபோது அவர் சிறைப்பட்டு இறந்துவிட்டார் என்கிறது. எனவே முறை உண்மை, கதை புனைவு எனக் கொள்வதே பொருந்தும். ஜலாலுத்தீன் ரூமியின் (1207–1273) மஸ்னவியில் வரும் முதற்கதையிலும் இதே நாடிதான் பேசுகிறது. நோயுற்ற பணிப்பெண்ணிடம் மருத்துவர் ஊர் ஊராகப் பேசிவர, ஸமர்கந்து என்றவுடன் நாடி துள்ளுகிறது. மருத்துவர் பேசத் தொடங்குமுன் அரசரையும் ஏனையோரையும் அறையைவிட்டு வெளியேறச் சொல்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கேட்போர் கூட்டம் கலைந்த பிறகே நோய் வாய் திறக்கிறது.

இதுவரை கண்டது வெளியிலிருந்து பார்த்தவர்களின் பார்வை. உள்ளிருந்து எழுதியவர் இப்னு ஹஸ்ம் (994–1064). ஸ்பெயின் நாட்டுக் குர்த்துபாவில் அமைச்சர் குடும்பத்தில் பிறந்தவர். ‘அல்முஹல்லா’ என்னும் பெரும் சட்ட நூலை இயற்றியவர். எழுத்துக்கு எழுத்துச் சட்டம் பேசிய லாஹிரி மரபின் பேரறிஞர். அத்தகையவர் இளமையில், ஏறத்தாழ 1022இல், ஷாதிபா நகரில் இருந்தபோது நண்பர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கக் காதலைப் பற்றி முப்பது இயல்கள் கொண்ட நூலொன்று எழுதினார். ‘தவ்குல் ஹமாமா’ என்பது பெயர். புறாவின் கழுத்து வளையம் என்று பொருள். 1338இல் படியெடுக்கப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி ஹாலந்து நாட்டு லெய்டன் நூலகத்தில் எஞ்சியிருந்தமையால் 1914இல் அது அச்சேறிற்று. அப்பிரதி செல்லரித்துப் போயிருந்தால் நமக்கு ஒரு வரியும் கிடைத்திராது.

இந்நூலில் விந்தையான காதல்களுக்கு என்றே இயல்கள் உண்டு. கனவில் கண்டு காதலித்தோர், பிறர் வருணிக்கக் கேட்டே காதலித்தோர், ஒரே பார்வையில் காதலித்தோர் என வகைப்படுத்துகிறார். சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட குரலால் எழும் காதலையும் குறிக்கிறார். நண்பர் ஒருவர் ஒருநாள் வாடிய முகத்துடன் இருந்தார். நெடுநேரம் கேட்டபின், கனவில் கண்ட பெண்ணொருத்தியின் நினைவில் ஒரு மாதத்திற்கும் மேலாக உருகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இப்னு ஹஸ்ம் கடிந்துகொள்கிறார். உலகில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத ஒருத்திக்காக வாடுவதைவிட, குளியலறைச் சுவரில் தீட்டிய ஓவியத்தைக் காதலித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்ற கருத்துப்படக் கேலியும் செய்கிறார். ஆனால் அந்த நண்பரை விட்டு விலகவில்லை. தொடர்ந்து பேசிப் பேசியே அவரை அதிலிருந்து மீட்டதாக எழுதுகிறார். நோயாளி இரகசியத்தைச் சொன்னார். கேட்டவர் நகைத்தாலும் கூடவே இருந்தார். வேறு மருந்து எதுவும் அங்கே இல்லை.

காதலை மறைப்போர் பற்றியும், காதலனுக்கு உதவும் நண்பர் பற்றியும் அவர் தனித்தனி இயல்கள் வகுத்துள்ளார். நம்பத்தக்க நண்பர் அமையாத ஒருவனைப் பற்றி அவர் தீட்டும் காட்சி மறக்கவொண்ணாதது. அவன் மக்களைத் தவிர்ப்பான், ஊருக்கு அப்பால் தனியிடம் தேடிப் போவான், காற்றோடு பேசுவான், மண்ணோடு உரையாடுவான், நோயாளி முனகலில் காணும் ஆறுதலை அதிலே காண்பான். துயரம் நெஞ்சில் குவிந்து நாவழியே சிறிதும் வெளியேறாவிட்டால் அது ஆளையே கொன்றுவிடும் என்பது அவர் துணிபு. தம் இளமையில் வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணை விரும்பி, அவள் இசையாமையால் ஆண்டுக்கணக்கில் வாடியதையும் அவர் மறைக்கவில்லை. சட்ட அறிஞர் ஒருவர் இதனை எழுதலாமா என்று கேட்போர் அக்காலத்திலும் இருந்திருப்பர், அவர் எழுதிவிட்டார்.

இங்கே நம் தொல்காப்பியத்திற்குத் திரும்புதல் தகும். ஒருதலைக் காமமாகிய கைக்கிளையை அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தனர் என்று மட்டும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்குத் தொல்காப்பியர் காட்டும் சூழலைச் சற்று நின்று பார்க்கவேண்டும். காமம் அறியாத இளையவள் ஒருத்தியிடம் ஒருவன் தன் துயரைச் சொல்கிறான். மறுமொழி வரவில்லை. ஆனாலும் அவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். அச்சொல்லிலேயே இன்பமும் காண்கிறான். இப்னு ஹஸ்ம் காட்டிய, காற்றோடு பேசும் மனிதனின் தமிழ் வடிவம் இது. மடலேறுவோன் வேறுவகை. அவன் நாணத்தைத் துறந்து ஊரறியத் தெருவுக்கு வந்துவிடுகிறான். திருக்குறளில் ‘நாணுத் துறவுரைத்தல்’ என 114ஆம் அதிகாரமாக அது அமைந்துள்ளது. ஒருவன் எவரிடமும் கூறாமல் அழிகிறான். மற்றவன் எல்லாரிடமும் கூறி அழியத் துணிகிறான். ஒரே ஒருவரிடம் கூறும் வழியைத்தான் தோழியும் பாங்கனும் திறந்துவைக்கின்றனர்.

எல்லா மறைவிருப்பமும் பேச்சினால் கரையும் என்று கூறிவிடவும் இயலாது. பிரெஞ்சு மனநோய் மருத்துவர் கிளெராம்போ 1921இல் விவரித்த நோயாளி ஒருத்தி ஐம்பத்து மூன்று வயதினள். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தன்னைக் காதலிப்பதாக உறுதியாக நம்பினாள். பலமுறை இலண்டன் சென்று அரண்மனைக்கு வெளியே காத்திருந்தாள். சாளரத்தின் திரை அசைந்தால் அது மன்னர் தனக்குக் காட்டும் குறிப்பு என்று கொண்டாள். இத்தகைய திரிபுணர்ச்சிக்கு இன்று அம்மருத்துவர் பெயரே வழங்குகிறது. இதற்கு மருத்துவம் வேண்டும். நண்பர் மட்டும் போதார். ‘நான் அவரை விரும்புகிறேன், அவர் அறியார்’ என்பவனுக்கும், ‘அவர் என்னை விரும்புகிறார், உலகம் மறைக்கிறது’ என்பவளுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னவனுக்குத் தன் நிலை தெரியும். அதனால்தான் அவன் வெட்கப்படுகிறான், வெட்கத்தால் மறைக்கிறான்.

பல ஆண்டுகளுக்கு முன் விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அடையாளம் தெரியாதவாறே சொல்கிறேன். நன்றாகப் படித்தவர் திடீரென்று பின்தங்கினார். இரவு உணவுக்கு வரமாட்டார். மொட்டைமாடியில் தனியே இருப்பார். விடுதிக் காப்பாளர் புகைப்பழக்கம் என்று ஐயுற்றார். உடன் தங்கியோர் தேர்வு அச்சம் என்றனர். ஊரிலிருந்து வந்த தாயார் கண்ணேறு என்று சொல்லி ஓதிப் பார்த்துக் கையில் கயிறு கட்டிவிட்டுப் போனார். எல்லாம் வெறியாட்டுத்தான், நாங்கள் அனைவரும் அவரவர் கழங்கை உருட்டிக்கொண்டிருந்தோம். தமிழ்த்துறை ஆசிரியர்கள் வெறியாட்டை வகுப்பில் நடத்துவதோடு சரி.

கண்டுபிடித்தவர் உணவு விடுதியில் பரிமாறும் முதியவர். தட்டில் சோறு எடுத்துக்கொண்டு மாடிக்கே போய் ஏழெட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பிட்ட நேரம் வந்ததும் பையன் சிறிய வானொலிப் பெட்டியைக் காதோடு சேர்த்துக்கொள்வதையும், பாட்டு ஒலிக்கும்பொழுது குறைத்து, அறிவிப்பு வரும்பொழுது கூட்டுவதையும் அவர் கவனித்தார். “தம்பி, பாட்டுக்காக வக்கிற பெட்டி இல்ல போலிருக்கே” என்று மட்டும் சொன்னாராம். அன்றிரவு அந்த மாணவர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முகமும் தெரியாத, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஓர் அறிவிப்பாளரின் குரல். எழுதி அனுப்பாத கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய. நண்பர்களிடம் சொன்னால் விடுதி முழுவதும் சிரிக்கும் என்ற அச்சம்.

முதியவர் சிரிக்கவில்லை. அறிவுரையும் கூறவில்லை. மறுநாளிலிருந்து கீழே வந்து சாப்பிட்டுவிட்டுப் பெட்டியைக் கேட்கும்படி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். விருப்பம் மறைய ஓராண்டுக்கு மேலாயிற்று என்று பின்னர் அறிந்தேன். பட்டம் பெற்றார், வேலைக்குப் போனார், மணமாகி மக்களும் உள்ளனர். அந்த முதியவர் மறைந்தபோது ஜனாஸாவுக்கு வெளியூரிலிருந்து வந்து முதல் வரிசையில் நின்றார். இதனை எழுத இசைவு கேட்டபோது, “எழுதுங்கள் ஐயா, குரல் யாருடையது என்று மட்டும் கேட்காதீர்கள்” என்றார். நான் கேட்கவில்லை.